என் முகத்தில் அண்ணன் கேட்ட குரல்

இது நடந்தது 2007ஆம் ஆண்டு முடிகிற சமயத்தில். இலங்கை மலையகத்தில், தலவாக்கலை டவுனில், பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, மாடிப்படி ஏறிப் போகிற மாதிரி ஒரு சின்ன கொமினிகேஷன் கடை இருந்தது. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கலாம், போட்டோகொப்பி அடிக்கலாம், ஃபேக்ஸ் அனுப்பலாம். உள்மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அங்கேதான் நான் வேலை பார்த்தேன். அந்தத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் சிரித்ததையும் அழுததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கே வந்த ஒரு கோல்தான் இன்றைக்கும் நினைவை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. பேச்சும் அத்தோடு நின்றது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சக் காலம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதோடு சரி. வீட்டில் நாங்களாகவே கைச்சாடை உண்டாக்கிக்கொண்டோம். கையைவிட முகம்தான் அதில் முக்கியம். ஒரே சாடைக்கு, புருவம் ஏறினால் ஒரு அர்த்தம், இறங்கினால் வேறு அர்த்தம். அதனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. அண்ணனோடு பேசும்போது முகத்தைத் திருப்பக் கூடாது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது சண்டை வந்தால் நான் வேண்டுமென்றே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அடித்தால்கூடத் தாங்கிக்கொள்வார், அதை மட்டும் தாங்கமாட்டார். சுற்றிச் சுற்றி வந்து என் முகத்துக்கு முன்னால் நிற்பார்.

பெரியவரானதும் தேயிலை ஃபெக்டரியில் வேலை கிடைத்தது. கொழுந்தைச் சுருட்டுகிற ரோலர்கள் ஓடுகிற இடத்தில். அந்த இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, எல்லாருமே கையாலும் முகத்தாலும்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே மட்டும் அண்ணனும் மற்றவர்களும் ஒன்று. வீட்டில் இருப்பதைவிட வேலையில் இருக்கும்போதுதான் அவர் அதிகம் சிரிப்பார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லுவார்கள்.

அண்ணி உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து வந்தவர். வாய் ஓயாமல் பேசுகிற ஆள். கலியாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே எங்கள் சாடையெல்லாம் கற்றுக்கொண்டார். ஆனால் கையால் சொல்வதையெல்லாம் வாயாலும் சத்தமாகச் சொல்லுவார். நான் ஒருநாள் சிரித்துவிட்டேன். "அவருக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா புள்ள? எனக்குத்தான் வாயி நிக்க மாட்டேங்குது" என்றார். அவருக்கு இடது மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி. அண்ணன் விரலால் மூக்கைத் தொட்டால் அது அண்ணி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அதுதான் அவர் பெயர்.

மகள் பிறந்து ஓரளவு நடக்கத் தொடங்கியதும் அண்ணி வெளிநாடு போகிறேன் என்றார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பரா மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு லயத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அண்ணனுக்கு அதில் இஷ்டமே இல்லை. பல நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். கடைசியில் அண்ணிதான் ஜெயித்தார். குழந்தையை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது, காது கேட்காத ஒருவரின் மனைவி அவ்வளவு தூரம் போனால் என்னவாகும் என்பது. கோல் எடுத்தால் கேட்காது. கடிதம் எழுதினால் வாசிக்கத் தெரியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலை செய்கிற வீட்டம்மா தூங்குகிற நேரத்தில், அண்ணி எங்கள் கடை நம்பருக்குக் கோல் எடுப்பார். எல்லா வாரமும் முடியாது, முடிகிற வாரங்களில். அண்ணன் எல்லா வாரமும் வந்துவிடுவார். பஸ்ஸை விட்டு இறங்கி, படி ஏறுவதற்கு முன்னால் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார். அண்ணிக்கு அது தெரியப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் வாரிக்கொள்வார்.

நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்வேன். அண்ணன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார். அண்ணி சிரித்தால் என் முகம் சிரிக்கும், அண்ணி திட்டினால் என் முகம் திட்டும். சொல்லை நான் கையால் காட்டுவது அப்புறம்தான். அதற்குள் என் முகத்திலேயே பாதியை வாங்கிவிடுவார். அண்ணிக்கும் அப்படித்தான். நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டே இருப்பார்.

"இப்ப அவரு என்னா செய்றாரு?"

"சிரிக்கிறாரு அண்ணி."

"எப்படி? வாய் மூடியா, தொறந்தா?"

"தொறந்துதான்."

"அப்ப சரி" என்பார் அண்ணி. வாய் மூடிச் சிரித்தால் அண்ணன் மனதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

முடிக்கும்போது அண்ணன் ரிசீவரைக் கேட்டு வாங்கி, வாயருகே வைத்து, "ஆ" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அவருக்கு வருகிற ஒரே சத்தம் அது. அதற்குப் பிறகு ரிசீவரை என் காதில் வைத்தால், அவ்வளவு நேரம் ஓயாமல் பேசிய அண்ணி ஒன்றும் பேசாமல் இருப்பார். மூச்சு மட்டும் கேட்கும்.

கடை முதலாளி எங்களைவிடக் கொஞ்சம் வயது கூடியவர். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அப்பா இங்கே வாத்தியாராக வந்து தங்கிவிட்டவர். முதலாளிக்கு கம்ப்யூட்டர் கேம் என்றால் உயிர். நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார். ஞாயிறு மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது, உட்கார்ந்துவிடுவார்.

அண்ணனுக்கு அதில் ஆர்வம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஹட்டனில் டி.வி. கேம் கடைகள் வந்த புதிதில், கூட்டாளிகள் ஒருநாள் அவரை அழைத்துக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்து, உள்ளங்கையால் தன் முகத்தை மேலிருந்து கீழே தடவி, அப்புறம் சுவரைத் தொட்டுக் காட்டினார். அந்த ஆட்களுக்கு முகம் சுவர் மாதிரி இருக்கிறது என்றார். உண்மைதான். அப்போதைய கேம்களில் முகம் என்பது ஒரு பெட்டியில் ஒட்டிய படம் மாதிரித்தான் இருக்கும். அத்தோடு அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் முதலாளி விளையாடிக்கொண்டிருந்தது வேறு மாதிரியான கேம். ஒரு துறைமுகப் பட்டினம். காணாமல்போன கூட்டாளியைத் தேடி ஒரு ஆள் வருகிறான். வீடு வீடாகப் போய்ப் பேசுகிறான். சண்டை குறைவு, பேச்சுதான் அதிகம். பேசுகிறவர்களின் முகம் திரை முழுக்க வரும். கன்னம் அசையும், கண்ணோரம் சுருங்கும், பேச வந்து பேசாமல் விட்டால் உதடு துடிக்கும். கோலுக்காகக் காத்திருந்த அண்ணன் ஒருநாள் எழுந்து போய் முதலாளியின் பின்னால் நின்றார். அடுத்த வாரம் கொஞ்சம் முன்னாடியே வந்தார்.

கேமில் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். அண்ணனுக்குச் சத்தமும் இல்லை, எழுத்தும் இல்லை. இருந்தாலும் கதையைப் பிடித்துக்கொண்டார். இவன் பயப்படுகிறான், இவள் இவனை முன்பே அறிந்தவள், இந்தக் கிழவருக்குத் தூக்கமில்லை என்று பக்கத்தில் நின்று கையால் சொல்லிக்கொண்டே இருப்பார். சில நேரம் தப்பாகவும் போகும். ஒரு பாதிரியாரைத் திருடன் என்று கடைசிவரைக்கும் சாதித்தார். அவர் ஒன்றும் செய்யாத மனுஷன் என்று தெரிந்தபோது நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "தங்கச்சி, உங்கட அண்ணா இப்ப என்ன சொல்லுறார்?" என்று முதலாளி கேட்டுக் கேட்டு, அண்ணன் பக்கத்தில் இல்லாமல் விளையாடினால் ருசியில்லை என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

குறையும் சொல்லுவார் அண்ணன். இவர்கள் அழும்போது கண் அழுகிறது, வாய் அழுகிறது, தொண்டை அழவில்லை என்பார். உண்மையாக அழுகிறவர்களுக்குக் கழுத்து நரம்பு இறுகுமாம், எச்சில் விழுங்க முடியாமல் தொண்டை ஏறி இறங்குமாம். நான் அதற்கு முன்னால் யாருடைய தொண்டையையும் கவனித்ததே இல்லை.

ஒரு பெண்ணை மட்டும் அவர் குறை சொல்லவில்லை. அந்தக் காணாமல்போனவனின் தாய். மகன் இறந்துவிட்டான் என்ற செய்தியோடு ஆள் வந்து நிற்கிறான். அது தெரியாமல் அவள் கதவைத் திறந்து சிரித்து வரவேற்கிறாள். அவன் சொல்லிவிடுகிறான். அதற்கு அப்புறமும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்கிறது. மெதுவாகத்தான் கீழே இறங்குகிறது. அண்ணன் அதைத் திரும்பப் போடச் சொன்னார். பார்த்துவிட்டு, சிரிப்பை எடுக்க மறந்துவிட்டாள் என்று காட்டினார். தொண்டையையும் தொட்டுக் காட்டினார்.

இந்த முகங்களை எப்படிச் செய்கிறார்கள் என்று முதலாளி எங்கேயோ பத்திரிகையில் வாசித்திருந்தார். உண்மையான நடிகர்களின் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒட்டி, வெறும் அறையில் நடிக்க விடுவார்களாம். அந்தப் புள்ளிகள் அசைவதைக் கமராவில் பிடித்து, கேமில் வருகிற முகத்துக்குக் கொடுப்பார்களாம். இதை அண்ணனுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், கடையிலிருந்த மார்க்கர் பேனாவால் என் முகத்திலேயே புள்ளி வைத்துக்கொண்டேன். அவர் சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: அப்படியென்றால் அழுத அந்தப் பெண் எங்கேயாவது இருக்கிறாளா? இருக்கிறாள், தூர தேசத்தில் என்றேன். யாருக்காக அழுதாள் என்றார். சம்பளத்துக்குத்தான் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளத்துக்குத் தொண்டை அப்படி ஏறாது, அவளுக்குச் சொந்தமாக ஒருத்தர் போயிருக்க வேண்டும் என்றார்.

அந்த வாரம் அண்ணியிடம் இதையெல்லாம் சொன்னேன். "பொம்மை அழுததுக்கா அவரு இவ்வளவு உருகுறாரு? நான் பொறப்பட்டன்னைக்கு ஒரு சொட்டு விடலியே புள்ள" என்று சிரித்தார். அதுதான் அவர் குரலை நான் கேட்ட கடைசித் தடவை.

அதற்குப் பிறகு மூன்று நான்கு ஞாயிறுகள் கோல் வரவில்லை. வீட்டம்மா விட்டிருக்கமாட்டார் என்று எங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டோம்.

அந்த ஞாயிறு நல்ல மழை. எதிர்ப் பக்கக் கடைகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. கடையில் நாங்கள் மூன்று பேர்தான். முதலாளி கொப்பி மெஷினைத் திறந்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனை கம்ப்யூட்டரில் உட்கார்த்தி, கேமில் வருகிற ஆளைத் தெருவில் நடக்க வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். தொலைபேசி அடித்தது. நான் கையை ஆட்டினேன். அண்ணன் எழுந்து, தலையை ஒருமுறை கையால் ஒதுக்கிக்கொண்டு, ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

அது அண்ணியின் குரல் இல்லை. யாரோ ஒரு பெண். பக்கத்து வீட்டில் வேலை செய்கிறவராம், அவரும் இலங்கைதான். நான் இன்னார்தானா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அண்ணிக்குப் பல நாளாகக் காய்ச்சலாம். அன்று விடியற்காலை எழுப்பப் போனபோது எழும்பவில்லையாம். ஏஜென்சிக்காரர்கள் எப்போது சொல்வார்களோ தெரியாது, அதனால்தான் எடுத்தேன் என்றார்.

"ஒங்க நம்பர அவதான் எங்கிட்ட தந்து வச்சிருந்தா தங்கச்சி. அவ போயிட்டா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அண்ணனின் முகம். புருவம் கொஞ்சம் ஏறி, வாய் லேசாகத் திறந்து, என் முகத்தில் அண்ணி வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. சிரித்தேன்.

என்ன செய்கிறேன் என்று யோசித்துச் செய்யவில்லை. காதில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தார். நான் அண்ணி வழக்கமாகக் கேட்பதையெல்லாம் என் முகத்திலும் கையிலும் கொண்டுவந்தேன். சாப்பிட்டீர்களா. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதானே வந்தீர்கள். பிள்ளைக்கு இருமல் எப்படி. அண்ணி கோபிக்கிற மாதிரி கண்ணை உருட்டினேன். அண்ணி சிரிக்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சிரித்தேன். அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சாப்பிட்டேன் என்றார். இருமல் குறைந்துவிட்டது என்றார். முடிவில் கையை நீட்டி ரிசீவரைக் கேட்டார். கொடுக்காமல் இருக்க வழி இல்லை. கொடுத்தேன். வாயருகே வைத்து, "ஆ" என்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் யாரென்று தெரியாத ஒரு பெண் அதைக் கேட்டிருப்பார்.

திரும்ப வாங்கி வைத்துவிட்டு, லைன் சரியில்லை, பிறகு எடுப்பார் என்று காட்டினேன். அவர் எழுந்து போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

நான் கொப்பி மெஷின் பக்கம் போய், அண்ணனுக்கு முதுகைக் காட்டி நின்றேன். முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"என்ன தங்கச்சி, என்ன நடந்தது?"

"அண்ணி செத்துட்டாங்க" என்றேன்.

அதைச் சாதாரணக் குரலில் சொன்னேன். நான்கு அடி தூரத்தில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி இறந்த செய்தியை அவர் இருக்கிற அறையிலேயே வாய்விட்டுச் சொல்ல முடிந்தது, அவருக்குக் கேட்காது என்பதால். பிறந்ததிலிருந்து அவரோடு வாழ்ந்தவள் நான். அந்தக் காது எவ்வளவு கொடுமையானது என்று அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போன பிறகு அம்மாவை வைத்துக்கொண்டு சொல்லுவம், நான் வேன் பிடிக்கிறன் என்று மெதுவாகச் சொன்னார். சரி என்றேன். அதுவரைக்கும் முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

கம்ப்யூட்டர் திரையில் அந்த ஆள் தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தான். யாரும் அசைக்காவிட்டால் அவன் அப்படியே நிற்பான். கண்ணைச் சிமிட்டுவான், மூச்சு விடுவான், அக்கம்பக்கம் பார்ப்பான். அண்ணனின் இரண்டு கையும் மடியில் இருந்தன. அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

நான் மறுபடியும் சிரித்தேன். அவர் எழுந்து வந்தார். என் கன்னம் இரண்டையும் கையால் பிடித்து, குழந்தையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி மேலிருந்து கீழே தடவினார். பிறகு சாடையில் சொன்னார்.

போதும். முகம் வலிக்கும்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் தோளில் விழுந்து அழுதேன். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான்; அவர்தான் என் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றார்.

வெகு காலத்துக்குப் பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன், எப்போது தெரிந்தது என்று. நீ ரிசீவரை எடுத்துக் கேட்ட உடனேயே என்றார். உன் முகம் ஒரு நொடி சுவராகிவிட்டது, அப்புறம் வந்த சிரிப்பு உன் சிரிப்பும் இல்லை, அவள் சிரிப்பும் இல்லை என்றார். அப்படியென்றால் ஏன் தலையாட்டினீர்கள் என்றேன். நீ அவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்துகொண்டிருந்தாயே என்றார். ரிசீவரை ஏன் வாங்கினீர்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். இனி அந்தச் சத்தத்தைக் கேட்க அவள் இல்லை என்று தெரிந்துதான், கடைசியாக ஒரு தடவை கொடுக்க வாங்கினாராம்.

அண்ணியின் பெட்டி வந்து சேர வாரக்கணக்கில் ஆனது. திறக்க வேண்டாம் என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். முகம் இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி. அண்ணன் அதற்கு மேல் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, அசையவில்லை என்று சொன்னார். பெண்கள் மாரடித்து அழுதார்கள், தப்பு மேளம் முழங்கியது. அவருக்கு அதெல்லாம் எதுவும் இல்லை. பந்தலுக்குக் கம்பு ஊன்றினார், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், குழி வெட்டுகிறவர்களோடு போய் நின்றார். கண்ணில் தண்ணீரே வரவில்லை. காது கேட்காதவனுக்கு மனசும் மந்தம்தான் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நல்லவேளை, அவருக்குக் கேட்கவில்லை.

மாதம் ஒன்று கழிந்து, ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். தலை வாரியிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கிடையில் முதலாளி அந்த கேமைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டருக்கு மேலே துணி போட்டு மூடியிருந்தார். அண்ணன் எழுந்து போய் அந்தத் துணியை எடுத்து மடித்து வைத்தார். அந்தத் தாயைக் காட்டு என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பழைய இடத்தைத் தேடி எடுத்துப் போட்டார். கதவு திறந்தது. அந்தத் தாய் சிரித்தாள். செய்தி வந்தது. சிரிப்பு அப்படியே நின்று, மெதுவாக இறங்கியது. அவள் தொண்டை ஏறி இறங்குவதை நானும் பார்த்தேன். திரும்பி அண்ணனைப் பார்த்தபோது அவர் தொண்டையும் அப்படியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவர் அழுதார். சத்தம் எவ்வளவு வருகிறது என்று அவருக்குத் தெரியாது. கடை முழுக்க, கீழே தெருவரைக்கும் அந்த "ஆ" கேட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். முதலாளி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அண்ணனின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். அழுது முடிகிறவரைக்கும் நாங்கள் யாரும் எழும்பவில்லை.

முகம் முழுக்கப் புள்ளி ஒட்டிக்கொண்டு ஏதோ ஒரு வெறும் அறையில் அழுத அந்த நடிகைக்கு, தலவாக்கலை என்று ஒரு ஊர் இருப்பதுகூடத் தெரியாது. அவரோடு சேர்ந்துதான் என் அண்ணனால் அழ முடிந்தது.

அண்ணன் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, அம்மா எப்படி இருப்பாங்க என்று கேட்டாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. பாஸ்போட்டுக்கு எடுத்தது, சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்தது. அதில் இருக்கிறது அண்ணிதானா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். போய் அப்பாவைக் கேள் என்றேன்.

அண்ணன் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். அவள் போய் விரலால் மூக்கைத் தொட்டு, எப்படி என்று கேட்டாள். அவர் கோடரியை வைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்தார். அப்புறம் அவர் முகத்தில் அண்ணி வந்தார். தலை ஒரு பக்கம் சாய, புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. வாயை ஓயாமல் அசைத்துக்கொண்டு கையை ஆட்டுகிற அந்தப் பேச்சு. உலை கொதிக்கும்போது அண்ணனைத் திட்டுகிற திட்டு. மீசை வைத்த, தேயிலைத் தூசு படிந்த ஒரு ஆம்பளை முகத்தில் என் அண்ணியை நான் கண்ணாரப் பார்த்தேன். பிள்ளை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவளும் புறங்கையை வாயில் வைத்துச் சிரித்துப் பார்த்தாள்.

இப்போது அவள் பெரிய பெண். நானும் தலவாக்கலையை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்தக் கடையும் இல்லை. அவ்வளவு வருடம் என் காதோடு பேசிய அண்ணியின் குரல் எனக்கு மறந்துபோய்விட்டது, எவ்வளவு யோசித்தாலும் திரும்பி வருவதில்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்காத அண்ணன்தான் அவரை முழுசாக வைத்திருக்கிறார், பார்த்துப் பார்த்து வைத்திருந்ததனால். அதனால் யாராவது என்னிடம் பேச வந்தால், கையில் எந்த வேலை இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். இந்த முகம் ஒருநாள் யாருக்காவது தேவைப்படும் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.